டெஸ்ட் கோடுக்கும் வார்னிங் வேண்டுமா?

கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளிலும் வெப்பநிலையை அளக்கும் ஒரு சின்னக் கருவிக்கு சி மொழியில் கோடு எழுதுகிறோம். திருகோணமலை டவுனில் ஓர் அறை, மூன்று பேர், ஜன்னலுக்கு வெளியே சில நேரம் மான். கருவிக்குள் போகும் கோடை ஜிசிசி என்ற கம்பைலரின் வார்னிங்குகளோடுதான், அதாவது சந்தேகமான வரிகளைக் காட்டும் எச்சரிக்கைகளோடுதான், கம்பைல் செய்கிறோம். இழுபறி, அந்தக் கோடைச் சோதிக்க எழுதும் டெஸ்ட் கோடில்தான்.

எங்கள் தம்பி சின்ன டபிள்யூ (-w) என்ற கம்பைலர் ஆப்ஷனைப் போட்டு வார்னிங் மொத்தத்தையும் அடைத்து வைத்திருந்தார். "டெஸ்ட் கருவிக்குள்ள போறதில்லையே அண்ணா." திரை சுத்தமாக இருக்கும், அது உண்மைதான்.

நான் ஒருநாள், வழக்கமான வார்னிங்குகளை இயக்கும் டபிள்யூ-ஆல் (-Wall) ஆப்ஷனைப் போட்டுப் பார்த்தேன். முதல் வார்னிங்: 'இந்த வரியால் எந்த விளைவும் இல்லை.' போய்ப் பார்த்தால் எண்ணிக்கை == 7; என்று தனியாக ஒரு வரி. பொய்யானால் டெஸ்ட்டைத் தோற்கடிக்கும் அசர்ட்டுக்குள் வைக்க மறந்துவிட்டார். எண்ணிக்கை மூன்றாக இருந்தாலும் அந்த டெஸ்ட் பச்சைதான். அடுத்தது, ஒரு ஃபங்ஷனின் விடையை வேரியபிளில் வாங்கிவிட்டு அதைச் சரிபார்க்காமல் விட்ட இடம். அப்புறம், எழுதியும், டெஸ்ட்களை ஓட்டும் மெயின் ஃபங்ஷனில் பதிவு செய்யாத இரண்டு டெஸ்ட்கள். ஸ்டாட்டிக், அதாவது இந்த ஃபைலுக்குள் மட்டும், என்று அறிவித்திருந்ததால் 'பயன்படுத்தவில்லை' என்று கம்பைலர் காட்டிக்கொடுத்தது. அந்தச் சொல் இல்லாவிட்டால் அதுவும் வாய் திறந்திருக்காது.

இன்னும் கூடுதல் வார்னிங் தரும் டபிள்யூ-எக்ஸ்ட்ராவையும் (-Wextra) சேர்த்தால் கதை வேறு. போலி சென்சர் ஃபங்ஷன்கள் தமக்கு வரும் பராமீட்டரைத் தொடுவதேயில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு முறைப்பாடு. பல உறுப்புகள் கொண்ட ஸ்ட்ரக்ட்டைப் பாதி நிரப்பி விட்டால் அதற்கும் ஒன்று. பின்னதற்குக் கைமருந்து உண்டு: உறுப்பின் பெயரைச் சொல்லி நிரப்பினால் சியில் அந்த வார்னிங் வராது. பராமீட்டர் வார்னிங்கை மட்டும் டெஸ்ட் ஃபோல்டரில் நிறுத்திவிட்டேன். சத்தத்துக்குள் நல்ல வார்னிங் புதைந்துபோனால் சின்ன டபிள்யூவே போட்டிருக்கலாம்.

டபிள்யூ-எரர், அதாவது வார்னிங் வந்தாலே கம்பைல் நிற்பது, என் லேப்டாப்பில் வேண்டாம். பிழை தேடும்போது ஓர் அசர்ட்டை கமென்ட் ஆக்கினால் போதும், அதன் வேரியபிள் அநாதையாகி எல்லாம் நின்றுவிடும். கம்பைலரைப் புதுப்பித்தாலும் இதே தலையிடிதான்: 2016இல் வந்த ஜிசிசி 6, ஏமாற்றும் இன்டென்டேஷனுக்கான, அதாவது வரிகளின் உள்தள்ளல் தவறாக எண்ணவைப்பதற்கான, வார்னிங்கையும் டபிள்யூ-ஆலுக்குள் சேர்த்தது, நேற்றுவரை ஓடிய கோடு அதனால் கம்பைல் ஆகாமல் போகலாம். எல்லோருடைய கோடையும் சேர்த்துக் கம்பைல் செய்யும் பில்ட் சர்வரில் மட்டும் டபிள்யூ-எரரைப் போட்டிருக்கிறோம், அங்கே ஜிசிசியின் பதிப்பை நாங்களாக மாற்றினால்தான் மாறும்.

தம்பி முதலில் முகத்தைச் சுளித்தார். சரி, அந்த இரண்டு டெஸ்ட்களையும் நீயே பதிவு செய்து ஓட்டிப் பார் என்றேன். ஒன்று உடனே சிவப்பு. லூப்பில் ஒரு சமன் குறி கூடிப்போய் (< என்பது <= ஆகி), எட்டாவது கிணற்றையும் வாசிக்கப் போயிருந்தது எங்கள் கோடு.