200 டாலருக்குள் மான் வேட்டைப் பரண்: புது ஸ்டீலைவிடப் பழைய அலுமினியம் மேல்

மான் வேட்டைக்கு ஒரு கிளைம்பர், அதாவது மரத்தில் ஏறவும் மேலே உட்காரவும் உதவும் சுமந்து போகும் பரண், வாங்கணும், கையில் 200 டாலருக்கு மேல் இல்லை என்றால், கடையில் புதிதாக அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் ஸ்டீல் பரணை அப்படியே விட்டுவிட்டு, யாரோ சில சீசன் பயன்படுத்திய அலுமினியப் பரணைத் தேடுங்கள். இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஸ்டீல் பரண் என் நண்பருடையது, ஒரு சீசன் முழுக்க இரவல் வாங்கிப் பயன்படுத்தினேன். அலுமினியப் பரண் நான் பழையதாக வாங்கிய சம்மிட் கம்பெனியின் வைப்பர் எஸ்டி. அதற்கு 180 டாலர் கொடுத்தேன். அதே மாடல் புதிதாக வாங்கினால் இதைவிட நிறைய ஆகிவிடும்.

நான் இருப்பது ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே. சொந்த நிலமோ, குத்தகைக்கு எடுத்த வேட்டை நிலமோ கிடையாது. இந்தப் பக்கம் வேட்டைக்கு வர ஆரம்பித்திருக்கும் நம் ஆட்கள் பலருக்கும் இதே நிலைமைதான், ஆகவே டபிள்யூஎம்ஏ எனப்படும் அரசு வேட்டை நிலங்களுக்குத்தான் போகிறோம். நான் அதிகம் போவது சீடர் கிரீக், ஒக்கோனி தேசிய வனத்துக்குள் இருக்கிறது. அங்கே மரத்தில் ஆணி, திருகு எதுவும் அடிக்கக் கூடாது, கழற்றி எடுத்துப் போகக்கூடிய பரண்தான் வைக்கலாம். அதனால் காரை நிறுத்திய இடத்திலிருந்து பரணை முதுகில் சுமந்து, விடிவதற்கு முன் இருட்டில் ஒரு கிலோமீட்டரோ இரண்டோ நடந்து, மரம் ஏறி, மதியம் இறங்கித் திரும்பவும் சுமந்துகொண்டு வரவேண்டும். வாங்கும்போது இந்த நடையை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள், கடைக்காரர் சொல்லும் மெத்தை, கப் ஹோல்டர் எல்லாம் தானாகப் பின்னால் போய்விடும்.

கிளைம்பர் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு: நம் ஊரில் தென்னை ஏறும் கருவி இருக்கிறதே, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் உட்கார்ந்து ஏறும் மாதிரி, கிட்டத்தட்ட அதேதான். இரண்டு சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி வரும் ஒரு கேபிள். மேல் சட்டத்தில் உட்கார்ந்து, பாதம் மாட்டிய கீழ்ச் சட்டத்தைக் காலால் இழுத்து உயர்த்தணும், பிறகு அதில் எழுந்து நின்று மேல் சட்டத்தைக் கையால் தூக்கணும். உங்கள் எடை இறங்கியதும் சட்டத்தின் பல் ஒரு பக்கமும் கேபிள் மறுபக்கமும் மரத்தைக் கவ்விக்கொள்ளும். பதினைந்து இருபது அடிக்கு இப்படியே மாறி மாறிப் போகலாம். தரையிலேயே பரணுக்குள் நுழைந்துவிடுவதால், ஏணியிலிருந்து பரணுக்குத் தாவும் அந்த ஆபத்தான நொடி இதில் கிடையாது. எனக்கு கிளைம்பர் பிடித்ததற்கு முதல் காரணமே அதுதான்.

சரி, ஸ்டீலுக்கு வருவோம். நண்பரின் பரண் கிட்டத்தட்ட 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரை கிலோ. பிராண்ட் பெயர் வேண்டாம், அந்த விலையில் கிடைக்கும் பல பரண்களும் ஏறக்குறைய இதே அச்சுதான். உறுதியில் குறை சொல்ல மாட்டேன், 300 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருந்தது, தாங்கியது. ஆனால் துப்பாக்கி, பை, தண்ணீர், குளிர் உடை எல்லாம் சேர்த்து அதைச் சுமந்துபோய் மரத்தடியில் நிற்கும்போது உள்சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். நவம்பர் காலையில் நனைந்த சட்டையோடு நான்கு மணிநேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள், மான் வருவதற்கு முன் நீங்களே கிளம்பிவிடுவீர்கள். போதாததற்கு வேர்வை வாசனை காற்றில் போகிறது, வெள்ளைவால் மானின் மூக்குக்கு அது போதும்.

அதைவிடப் பெரிய தொல்லை சத்தம். ஸ்டீல் குழாய் உள்ளே வெற்றாக இருக்கும், துப்பாக்கி லேசாக இடித்தால்கூட மணி அடித்த மாதிரி காடு முழுக்கக் கேட்கும். இதில் கேபிளுக்குப் பதில் மரத்தைச் சுற்றி வரும் பெல்ட்டை போல்ட்டும் நட்டும் போட்டு மாட்டும் அமைப்பு வேறு. விறைத்துப்போன விரலோடு, நெற்றி விளக்கின் சிவப்பு வெளிச்சத்தில், ஒரு சின்ன நட்டைத் திருகுவது எவ்வளவு எரிச்சல் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அந்த நட்டு இலைச் சருகுக்குள் விழுந்தால் அன்றைய வேட்டை அவ்வளவுதான்.

வைப்பர் எஸ்டி 20 பவுண்டு, ஒன்பது கிலோதான். அந்த நான்கரை கிலோ வித்தியாசத்தைக் காகிதத்தில் படித்தால் சின்னதாகத் தெரியும், மேட்டில் ஏறும்போது முழங்காலைக் கேளுங்கள். பெயரில் உள்ள எஸ்டி என்பது சத்தம் அடக்குவதைக் குறிப்பது, அலுமினியக் குழாய்க்குள் ஃபோம் நிரப்பியிருக்கிறார்கள், தட்டினால் மந்தமாக ஒரு சத்தம், அவ்வளவுதான். கேபிளை மாட்டுவது இன்னும் சுலபம்: மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து குழாய்க்குள் தள்ளினால் ஸ்பிரிங் கொக்கி பிடித்துக்கொள்ளும், தனியாக நட்டு, பின் எதுவும் கிடையாது. கையுறையைக் கழற்றாமலே செய்யலாம். இருக்கை வார்களில் தொங்குவதால் உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், நன்றாகச் சாய்ந்து உட்காரலாம். 8 அங்குலத்திலிருந்து 20 அங்குலம் வரை விட்டமுள்ள மரங்களுக்குப் பொருந்தும்.

முன்பக்கம் முழுக்க அடைத்த சட்டம் என்பதால் துப்பாக்கியைத் தாங்கி வைத்துக் குறிபார்க்க அருமை. வில்லுக்கு அந்தச் சட்டமே குறுக்கே வரும், எழுந்து நின்றுதான் எய்யணும். வில் வேட்டை மட்டும்தான் என்றால் முன்பக்கம் திறந்த அதே கம்பெனியின் ஓப்பன்ஷாட்டைப் பாருங்கள், எடையும் குறைவு. உடம்பு பெரியவர்கள் 350 பவுண்டு தாங்கும் கோலியாத் பக்கம் போகலாம். எடை வரம்பு என்பது உங்கள் உடம்பு மட்டும் இல்லை, பூட்ஸ், உடை, துப்பாக்கி, பை எல்லாம் சேர்த்த கணக்கு என்பதை மறக்க வேண்டாம்.

பழையது வாங்கும்போது பார்க்கவேண்டியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இங்கே சோம்பல் பட்டால் உயிர் போகும் விஷயம். முதலில் ஒவ்வொரு வெல்டிங் மூட்டையும் விளக்கடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தாலும், பெயின்ட் ஒரு கோடாக வெடித்திருந்தாலும், பேரம் பேச வேண்டாம், கிளம்பிவிடுங்கள். குழாய் எங்காவது நெளிந்திருந்தாலோ, யாராவது துளை போட்டு எதையோ மாட்டியிருந்தாலோ அதேதான். கேபிளின் பிளாஸ்டிக் உறை கிழிந்து உள்ளே கம்பி தெரிகிறதா, துரு கசிந்திருக்கிறதா, முனைக்குப் பக்கத்தில் மடங்கி உடைந்த கம்பி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கணும். கேபிள் தேய்ந்திருப்பது மட்டும்தான் குறை என்றால் வாங்கலாம், அந்தந்த மாடலுக்கான புது கேபிள் தனியாக விற்கிறார்கள். நான் நன்றாக இருந்த கேபிளையும் சேர்த்து மாற்றிவிட்டேன், மனதுக்கு நிம்மதி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு கம்பியை வெட்டிப் போடும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். இருக்கையைத் தாங்கும் துணி வார்கள் வெயிலில் வெளிறி, மடித்தால் மொரமொரவென்று இருந்தால் அவற்றையும் மாற்றுங்கள். வருடம் முழுக்க மரத்திலேயே விட்டுவைத்த பரணா, வீட்டு கராஜில் தொங்கியதா என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள், வார்களின் நிறமே உண்மையைச் சொல்லிவிடும். கடைசியாக, அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் பிராண்டையும் மாடலையும் போட்டு, திரும்பப் பெறப்பட்ட பொருளா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

பழையதாக வாங்கவே கூடாத ஒன்று ஹார்னஸ், அதாவது தவறினால் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள உடம்பில் மாட்டும் வார்க்கட்டு. விற்பவர் சேர்த்தே தருகிறேன் என்பார், சும்மா கொடுத்தாலும் வேண்டாம். டிஎம்ஏ என்கிற பரண் தயாரிப்பாளர் சங்கத்தின் தரச்சான்று பெற்ற புதுப் பரணோடு முழு உடல் ஹார்னஸ் ஒன்று வரும், ஆனால் அதன் ஆயுள் தயாரித்த நாளிலிருந்து 5 வருடம் என்றுதான் அந்தச் சங்கமே சொல்கிறது, ஒருமுறை யாராவது அதில் விழுந்திருந்தால் அன்றோடு அதன் கதை முடிந்தது. ஆகவே பரணில் மிச்சம் பிடித்த காசிலிருந்து புது ஹார்னஸுக்கு ஒதுக்கிவிடுங்கள், விலைக் கணக்கில் இதையும் சேர்த்தே பாருங்கள். தரையை விட்டுக் கால் எடுக்கும் முன்பே மரத்தோடு மாட்டிக்கொண்டு, ஏற ஏற மரத்தைச் சுற்றிய அந்த வாரையும் மேலே நகர்த்திக்கொண்டே போகணும், மேலே போனதும் தலை உயரத்துக்கோ அதற்கு மேலோ கட்டணும், உட்கார்ந்தால் வாரில் தொய்வு இருக்கக் கூடாது. தவறி ஹார்னஸில் தொங்கிவிட்டால் காலை ஊன்றிக்கொள்ள ஒரு வார் கூடவே இருக்கும், அதை எட்டும் பையில் வையுங்கள். அசையாமல் தொங்கினால் தொடையில் ரத்த ஓட்டம் தடைபட்டு, விழாமல் தப்பியவரும் ஆபத்துக்குப் போய்விடுவார். மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் ஒரு கயிற்றால் இணைத்தே வையுங்கள். கீழ்ச் சட்டம் நழுவித் தரைக்குப் போய்விட்டால் நீங்கள் இருபது அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு யாரையாவது கூப்பிடவேண்டியதுதான். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல், மேலே போனபிறகு கயிறு கட்டி இழுத்துக்கொள்ளுங்கள்.

மரம் தேர்ந்தெடுப்பதில்தான் கிளைம்பரின் பலமும் பலவீனமும். நேராக, இருபது அடிவரை கிளை இல்லாத மரம் வேண்டும். அந்த விஷயத்தில் ஜார்ஜியா கொடுத்துவைத்த ஊர், லாப்லாலி பைன் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிட்டுக் கம்பம் மாதிரி நிற்கும், தடித்த பட்டையில் பல் நன்றாகப் பதியும். பட்டை உதிர்ந்து சருகில் விழும் சத்தமும் கையில் ஒட்டும் பிசினும் உண்டு, அதனால் மெதுவாக, சீக்கிரமே போய் ஏறிவிடணும். அக்டோபரில் வெள்ளை ஓக் கொட்டைகள் உதிரும்போது மான் அங்கேதான் வரும், துவர்ப்பு குறைவு என்பதால் சிவப்பு ஓக்கைவிட அதற்கு அது பிடிக்கும். ஆனால் ஓக் மரம் பெரும்பாலும் கிளைவிட்டிருக்கும், காற்றைப் பார்த்து, ஓக்கைக் குறிவைக்கும் தூரத்தில் ஒரு பைனைப் பிடியுங்கள். பீச், சிக்கமோர் மாதிரி வழுவழு மரங்களும், பட்டை உரிந்து தொங்கும் ஷாக்பார்க் ஹிக்கரியும் வேண்டாம். பட்டுப்போன மரம், பனி உறைந்த மரம் பக்கமே போகாதீர்கள். மரம் மேலே போகப்போக ஒல்லியாகும், கேபிள் வளையம் தளரும், பிளாட்ஃபார்மின் வெளி விளிம்பு கீழே தாழும். அதனால் தரையிலேயே வெளி விளிம்பைக் கொஞ்சம் தூக்கிவைத்துத் தொடங்குங்கள், மேலே போய்க் கேபிளைச் சரிசெய்ய நினைக்க வேண்டாம். வீட்டுப் பின்புறத்தில் இரண்டடி உயரத்திலேயே பலமுறை ஏறி இறங்கிப் பழகிவிட்டுக் காட்டுக்குப் போங்கள்.

நண்பர் யாருக்காவது நிலம் இருந்து, பரணை அங்கேயே விட்டுவைக்கலாம் என்றால் கிளைம்பரே தேவையில்லை, ஏணிப் பரண் விலையும் குறைவு, வசதியும் அதிகம். மரமெல்லாம் கோணல்மாணலாக இருக்கும் இடமென்றால் மரத்தில் கட்டித் தொங்கவிடும் தொங்கு பரணும், அதற்கு ஏறிப்போக மரத்தில் கட்டும் ஏணிக் குச்சிகளும்தான் சரிவரும், ஆனால் இரண்டையும் சேர்த்து வாங்கினால் செலவு பழைய கிளைம்பருக்குச் சமமாக வந்துவிடும்.

பழையது வாங்க நல்ல நேரம் பிப்ரவரி, மார்ச். சீசன் முடிந்து கராஜைக் காலி செய்பவர்கள் அப்போதுதான் விற்பார்கள், செப்டம்பரில் வில் சீசன் நெருங்கும்போது அதே பரணுக்கு ஐம்பது டாலர் கூடக் கேட்பார்கள். நேரில் போய், விற்பவர் வீட்டு மரத்திலேயே மாட்டி ஒரு முழம் ஏறிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒழுங்கான பரண் வைத்திருப்பவர் மறுக்க மாட்டார். மறுத்தால் அடுத்த விளம்பரத்தைப் பாருங்கள்.