பெயர் சொல்லிக் கேட்பதா, கைதூக்கவைத்துப் பேசவிடுவதா?

கல்லூரி வகுப்பில் மாணவர்களைப் பாடத்துக்குள் கொண்டுவர ஆசிரியர்கள் பெரும்பாலும் நாடுவது மூன்று வழிகள். திடீரென ஒருவரை எழுப்பிக் கேள்வி கேட்பது, வகுப்பு முழுவதையும் வாக்களிக்கவைத்துப் பேசவிடுவது, பாடத்தை வீடியோவாக வீட்டுக்கு அனுப்பிவிட்டு வகுப்பு நேரத்தில் பயிற்சி செய்யவைப்பது.

முதல் வழிக்குத் தயாரிப்பே தேவையில்லை. ஆனால் 60 பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பெயரைச் சொன்னதும் மீதி 59 பேரும் 'அப்பாடா' என்று சாய்ந்துகொள்வார்கள். அதனால் கேள்வியை முதலில் போட்டு, சற்றுப் பொறுத்து, கடைசியில்தான் பெயரைச் சொல்ல வேண்டும். பள்ளி அறிவியல் வகுப்புகளைக் கவனித்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சுமார் 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது. கூச்ச சுபாவிகளுக்குப் பெயர் சொல்லிக் கேட்கும் இந்த முறை தண்டனையாகிவிடும் ஆபத்தும் உண்டு.

இரண்டாவது முறைதான் என் தேர்வு. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களில் பரவலாக்கியது இது. கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, நான்கு விடைகள். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து வாக்களிக்க வேண்டும். சரியான விடையை ஆசிரியர் சொல்லமாட்டார். பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவிட்டு, மறுபடி வாக்கெடுப்பார். முதல் சுற்றில் ஏறத்தாழ 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு நன்றாக வேலை செய்யும். அதற்குக் கீழே என்றால் பாடத்தையே திரும்ப நடத்த வேண்டும். மேலே என்றால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

ஏன் பலிக்கிறது? ஒரு விடையைச் சொல்லிவிட்டவருக்கு அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். இப்போதுதான் புரிந்துகொண்ட மாணவிக்கு எங்கே இடறியது என்பது இன்னும் நினைவிருக்கும். இருபது ஆண்டுகளாக அதையே நடத்துபவருக்கு அது மறந்திருக்கும். கருவியும் தேவையில்லை. நான்கு நிற அட்டைகளோ, நெஞ்சருகே காட்டும் விரல்களோ போதும். கஷ்டம் கேள்வி தயாரிப்பதில்தான்: தவறான விடைகள் மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் தவறுகளாக இருக்க வேண்டும். சும்மா நிரப்பிய விடைகளை வைத்து யாரும் வாதாடமாட்டார்கள்.

ஃப்ளிப்டு கிளாஸ்ரூம் எனப்படும் மூன்றாவது வழி கணக்கு, புரோகிராமிங் போன்றவற்றுக்கு அருமை. ஆனால் பாதிப்பேர் வீடியோ பார்க்காமல் வந்தால் ஆசிரியர் மறுபடி விளக்க வேண்டிவரும், பார்த்து வந்தவர்கள் அடுத்த வாரம் பார்க்கமாட்டார்கள். தொடக்கத்தில் சின்ன க்விஸ் ஒன்றாவது வைக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

எதை எடுத்தாலும் மாணவர்களிடம் காரணத்தை முதல் வாரமே சொல்லிவிடுங்கள். ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்களே முயன்று கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனாலும் சரளமான விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். அந்தத் திணறல் கற்றலின் பகுதிதான் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், 'சார் பாடமே நடத்தமாட்டேங்கிறார்' என்ற புகார் வராது.