உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத தேயிலைப் பையை வாங்காதீர்கள்

வாசனைத் தேயிலை வாங்கிக் குடிக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் யாருக்காவது பாதாம், முந்திரி ஒத்துக்கொள்ளாது என்றால் கட்டாயம் படியுங்கள். எனக்கு 168 சிங்கப்பூர் வெள்ளி போனது. அது போகட்டும். நான் என் கையால் பிரித்துக் கொடுத்த சாம்பிளைக் குடித்த ஓர் அக்கா அன்று இரவே மருந்தகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஈசூனில் இருக்கிறார், ஓய்வுபெற்ற தாதி. நான்கு வருடத்துக்கு முன்பு சைனாடவுனில் ஒரு பழைய தேயிலைக் கடையில் சுவைத்துப் பார்க்கும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் ஊலாங்கை, அதாவது பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சீனத் தேயிலையை, சுடச்சுட விழுங்குவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் ஆறவிட்டுக் குடிங்க, அப்பதான் அது என்னன்னு தெரியும்" என்றார். அன்று தொடங்கியது. யார் புதிதாக எதை வாங்கினாலும் பத்து கிராம் பிரித்து, சின்ன ஜிப் பையில் போட்டு, பெயர் எழுதி மற்றவருக்குக் கொடுத்துவிடுவோம். காதிப் எம்ஆர்டி வாசலில் கைமாற்றிக்கொள்வோம். பிறகு ஒரு நாள் இரவு இருவரும் அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் போட்டு, தொலைபேசியில் பேசிக்கொண்டே குடிப்போம். தேயிலையைச் சோதிப்பதற்கான அனைத்துலகத் தரமுறை 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் இலை என்கிறது. நாங்களும் அந்தக் கணக்கைத்தான் வைத்திருக்கிறோம், இருவர் கோப்பையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில் வார இறுதிச் சந்தை போட்டிருந்தார்கள். அதில் ஒரு தேயிலைக் கடை. வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். விற்றவர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து மூக்கருகே நீட்டினார். மல்லிகை ஜாடியைத் திறந்தபோது கேம்பல் லேன் பூக்கடைக்கு முன்னால் நிற்பது போலவே இருந்தது. "எல்லாம் இயற்கை, எசன்ஸ் ஒரு துளி கிடையாது" என்றார். குடித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன், வெந்நீர் வசதி இல்லை என்றார். அங்கேயே நான் திரும்பி நடந்திருக்க வேண்டும். தேயிலை விற்கிறவர் குடிக்கக் கொடுக்காமல் முகர மட்டும் கொடுத்தால் அவர் விற்பது வாசனையைத்தான்.

மல்லிகை, பால் ஊலாங், டார்ஜிலிங் ஏர்ல் கிரே, லிச்சி, ரோஜா, ஆப்பிள் பட்டை (ஆப்பிளும் இலவங்கப்பட்டையும்) என்று ஆறு வகை எடுத்தேன். ஒவ்வொன்றும் 50 கிராம், 28 வெள்ளி. ஏற்கெனவே கட்டி வைத்திருந்த பைகள். முன்பக்கம் அழகான எழுத்தில் கடைப்பெயரும் வாசனையின் பெயரும் இருந்தன. பின்பக்கம் வெறுமை. சேர்பொருள் இல்லை, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று இல்லை, யார் இறக்குமதி செய்தார்கள் என்று இல்லை. கைப்பேசியில் பேநவ் வழியாகப் பணம் அனுப்பினேன். ரசீது கேட்டபோது, "அதான் உங்கள் போனிலேயே இருக்கிறதே" என்றார்.

ஒன்று மட்டும் மறக்காமல் கேட்டேன். அக்காவுக்குப் பாதாம், முந்திரி இரண்டும் ஆகாது. எந்தச் சாம்பிள் கொடுத்தாலும் "என்னென்ன போட்டிருக்கு தம்பி?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஆப்பிள் பட்டையில் மெல்லிசாக வெள்ளைத் துண்டுகள் தெரிந்தன. இது என்ன, இதில் கொட்டைப் பருப்பு ஏதாவது உண்டா என்று கேட்டேன். "காய்ந்த ஆப்பிள். கறுப்புத் தேயிலை, ஆப்பிள், பட்டை, அவ்வளவுதான்" என்றார். கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். அன்றிரவு அக்காவுக்கான சின்னப் பையில் அந்த மூன்று பெயரையும் என் கையெழுத்தில் எழுதினேன்.

பிரிக்கும்போதே எடை உதைத்தது. சமையல் தராசில் பையோடு வைத்தால் சரியாக 50. இலையைக் கொட்டிவிட்டு வெறும் பையை வைத்தால் 7. இலை 43 கிராம்தான். ஆறு பையிலும் ஏறக்குறைய இதே கதை. சரி, ஏதோ கவனக்குறைவு என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை இரவு உட்கார்ந்தோம். முதலில் மல்லிகை. உலர்ந்த இலையில் அத்தனை மணம் வீசியது, முதல் ஊறலில் சோப்புப் போல நாக்கில் ஒட்டியது, இரண்டாம் ஊறலில் ஒன்றுமே இல்லை. வெறும் கசப்பான பச்சைத் தேயிலை. அக்கா சொன்னார், "தம்பி, இது பூ பார்க்காத இலை."

அதை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் மல்லிகைத் தேயிலையில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சீனாவில் இதற்குப் பயன்படுத்துவது நம் குண்டுமல்லி இனத்தையேதான். தேக்காவில் சாயங்காலம் மொட்டாக வாங்கிய சரம் ராத்திரி வீட்டில் விரிந்து மணக்கும், பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான் அங்கும். பகலில் மொட்டைப் பறித்து, இரவில் அது விரிகிற நேரத்தில் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். இலை அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் வாடிய பூவைச் சலித்து எடுத்துவிட்டு இலையை மறுபடி உலர்த்துவார்கள். நல்ல தேயிலைக்கு இப்படிப் பல இரவுகள், ஒவ்வொரு முறையும் புதுப் பூ. ஃபூஜோ நகரத்தின் இந்த முறையை ஐநாவின் உணவு, வேளாண் அமைப்பு 2014இல் உலக வேளாண் மரபுகளில் ஒன்றாகச் சேர்த்தது. அப்படி மணமேற்றிய இலை ஜாடியைத் திறந்ததும் ஆளைத் தூக்காது. அடக்கமாக இருக்கும், ஆனால் மூன்றாம் ஊறலிலும் பூ தெரியும். வாடிய பூ கிடந்தால் கசக்கும் என்பதால் உயர்ந்த வகையில் பெரும்பாலும் பூவைப் பார்க்கவே முடியாது. என் பையில் இதழ்கள் கொட்டிக் கிடந்தன. அதைப் பார்த்துத்தான் உண்மையான பூ என்று நம்பினேன். அவை அலங்காரத்துக்காகப் போட்டவை.

பால் ஊலாங்கும் அப்படியே. இலையைப் பால் ஆவியில் வேக வைத்தது என்று அந்தக் கடையில் சொன்னார்கள். பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஜின் சுவான் என்ற தைவான் தேயிலை வகைக்குத் தானாகவே லேசான வெண்ணெய் மணம் உண்டு, அதனால் வந்த பெயர். என் பையில் இருந்தது சீனி மிட்டாய் மணம். டார்ஜிலிங் என்று கொடுத்ததைத் தட்டில் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் தூள். இயந்திரத்தில் நொறுக்கி உருட்டும் சிடிசி தூள், கடையில் தே தாரிக் என்ற பால் தேநீரை இழுத்து ஆற்றுவதற்கு அருமையாக இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் டார்ஜிலிங் இலை அப்படி வராது. இந்தியாவில் புவிசார் குறியீடு பெற்ற முதல் பொருளே டார்ஜிலிங் தேயிலைதான். அந்தப் பெயரைக் கண்டதன்மேலெல்லாம் ஒட்ட முடியாது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். வாசனை சேர்ப்பது தப்பே இல்லை. ஏர்ல் கிரே என்பதே பர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெய் சேர்த்ததுதான், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். எசன்ஸ் சேர்த்தால் சேர்த்தது என்று எழுதி, அதற்கேற்ற விலைக்கு விற்கட்டும்.

கடைசியாக ஆப்பிள் பட்டை. மணி ஒன்பதரை இருக்கும். "இது பரவாயில்லை தம்பி, பட்டை நல்லா இறங்கியிருக்கு" என்று அக்கா சொன்னார். பேச்சு எங்கெங்கோ போனது. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அவர் குரல் மாறியது. "உதடு குறுகுறுங்குது. நீங்க அந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் கடிச்சுப் பாருங்க" என்றார். கடித்தேன். ஆப்பிள் இல்லை. சீவிய பாதாம்.

அதை அவரிடம் சொன்ன நேரத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தாதியாக இருந்தவர், பதறவில்லை. கைவசம் வைத்திருக்கும் ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். தொண்டையும் அரிக்கத் தொடங்கியதும் மகளை எழுப்பி, 24 மணி நேர மருந்தகத்துக்குப் போய்விட்டார். ஊசி போட்டு, சில மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் விடியும்வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது, "நீங்க கேட்டுத்தானே எழுதினீங்க" என்றார். நான் கேட்டேன், எழுதினேன். ஆனால் பையின் பின்பக்கம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டும் கேட்டதை நம்பினேன்.

விற்றவருக்குப் படத்தோடு செய்தி அனுப்பினேன். முதலில், பிரித்த பையைத் திரும்ப எடுப்பதில்லை என்றார். நான் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, அந்தத் தேயிலையை விற்பதை உடனே நிறுத்துங்கள் என்றேன். பிறகு, பொதியும் இடத்தில் கலந்திருக்கலாம் என்றார். ஒவ்வொரு பிடியிலும் நாலைந்து சீவல் கிடக்கிறது, அது எப்படித் தவறிக் கலந்ததாகும்? அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை போனேன், அந்த இடத்தில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். சந்தை ஏற்பாட்டாளர்கள் வாடகைக்கு எடுத்தவரின் விவரம் தர மறுத்துவிட்டார்கள்.

சிங்கப்பூரில் முன்கூட்டியே பொதிந்து விற்கும் உணவுப் பொருளுக்குப் பெயர், சேர்பொருள், நிகர எடை, இறக்குமதி செய்தவர் அல்லது தயாரித்தவரின் பெயர் முகவரி, வெளிநாட்டுப் பொருளானால் எந்த நாடு என்பதெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். ஒவ்வாமை தரக்கூடியவை, அதாவது பாதாம், முந்திரி போன்ற கொட்டைகள், நிலக்கடலை, பால், சோயா முதலானவை இருந்தால் அவற்றைக் கண்டிப்பாகக் குறிப்பிட வேண்டும். எனவே சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் படங்களோடு புகார் கொடுத்திருக்கிறேன். பயனீட்டாளர் சங்கத்திலும் பதிந்திருக்கிறேன். பணத்தை மீட்கச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், என்னைப் போன்ற தனியாளுக்கு 5,000 வெள்ளிக்குட்பட்ட கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். ஆனால் யார்மேல் தாக்கல் செய்வது? ரசீது இல்லை, நிறுவனப் பதிவு எண் இல்லை, பேநவ்வில் தெரிவது ஒரு செல்லப் பெயர். இதற்காகத்தான் சொல்கிறேன், சந்தைக் கடையானாலும் பதிவு எண் போட்ட ரசீதைக் கேளுங்கள். தர மறுத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு இழப்பும் உண்டு. தேயிலை எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் என்று தெரிந்தும், அந்த லிச்சிப் பையை என் நீலகிரித் தேயிலை இருந்த அலமாரியிலேயே வைத்துவிட்டேன். நான்கு நாளில் நீலகிரியிலும் லிச்சி எசன்ஸ். அதையும் கொட்ட வேண்டியதாயிற்று.

சாம்பிள் பகிர்கிறவர்களுக்கு: நாங்கள் இப்போது பெயர் எழுதுவதோடு நிறுத்துவதில்லை. பையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் சாம்பிளைக் கொடுக்கிறோம். பின்பக்கத்தில் எழுத்து இல்லாதது கைமாறுவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு ஜென்மாய்ச்சா கொடுத்தார், வறுத்த அரிசி சேர்ந்த ஜப்பானியத் தேநீர். சேர்பொருள் எழுதிய துண்டை வெட்டி ஜிப் பைக்குள்ளேயே போட்டிருந்தார்.

கடந்த ஓரிரு மாதத்தில் நீங்களும் ஏதாவது சந்தைக் கடையில் வெள்ளைச் சீவல் கலந்த ஆப்பிள் பட்டைத் தேயிலையைப் பின்பக்கம் எதுவும் எழுதாத பையில் வாங்கியிருந்தால், குடிப்பதை நிறுத்திவிட்டு ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வாமை உள்ளவர் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம், வேறு யாராவது பார்க்கட்டும். பாதாமாக இருந்தால் பையைத் தூக்கி எறியாதீர்கள். மீதி இலையோடு அப்படியே மூடி வைத்து, உணவு அமைப்புக்குச் சொல்லுங்கள். யாருக்காவது அதிலிருந்து பிரித்துக் கொடுத்திருந்தால் முதலில் அவருக்குப் போன் போடுங்கள்.