ஓடிமுடித்த கார் பேட்டரி: லைப்சிக் வழியா, டொயோட்டா வழியா?

டார்ச் லைட்டில் பழைய கட்டையோடு புதுக் கட்டையைப் போட்டால் வீட்டில் திட்டு விழும். வரிசையாகக் கோத்த செல்களில் ஒன்று சோர்ந்தாலும் மொத்த வரிசையும் அதன் அளவுக்கு இறங்கிவிடும். மின்கார்களின் பழைய பேட்டரிகளை மின்சாரம் சேமித்துவைக்கத் தொழிற்சாலைக்குக் கொண்டுவருபவர்களின் தலைவலியும் இதுதான்.

பிஎம்டபிள்யூ கலப்புக்கே இடம் கொடுக்கவில்லை. ஜெர்மனியின் லைப்சிக் ஆலையில் 2017-ல் திறந்த மின்சேமிப்புக் கிடங்கில் அதன் ஐ3 மின்காரின் பேட்டரிகள் மட்டுமே, 700 வரை. கொள்ளளவு 15 மெகாவாட் மணி, நம் கரண்ட் பில் கணக்கில் 15,000 யூனிட். வளாகத்திலேயே நிற்கும் நான்கு காற்றாலைகளின் மின்சாரத்தையும் இதில் சேமிக்கலாம். எல்லாம் ஒரே வடிவம் என்பதால் காரிலிருந்து கழற்றியதைப் பிரிக்காமல் மாட்டலாம். ஆனால் ஐ3 உற்பத்தி 2022-லேயே நின்றுவிட்டது. இந்தச் சௌகரியம் அந்த இனம் தீரும்வரைதான்.

டொயோட்டா கலப்பை ஏற்றுக்கொண்டே இறங்கியது. 2022-ல் ஜெரா மின் நிறுவனத்தோடு ஜப்பானின் யொக்கைச்சி அனல்மின் நிலையத்தில் தொடங்கிய 'ஸ்வீப்' அமைப்பில் லித்தியம் அயனி, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, லெட் ஆசிட் மூன்றும் ஒரே சங்கிலியில் உட்கார்ந்திருக்கின்றன. மைக்ரோ விநாடி வேகத்தில் சுவிட்சுகள் மாறி, எந்த பேட்டரி எவ்வளவு நேரம் வேலை செய்ய வேண்டும் என்று தீர்மானிக்கும். சோர்ந்ததைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போய்விடும். ஏசி மின்சாரமாகவே வெளிவருவதால் தனி இன்வெர்ட்டரும் வேண்டாம். அளவுதான் சின்னது: 485 கிலோவாட், 1,260 யூனிட். லைப்சிக்கில் பன்னிரண்டில் ஒரு பங்கு. 2025-ல் இதே அமைப்பை ஹிரோஷிமாவில் மாஸ்டா ஆலையின் சொந்த மின்னமைப்போடு இணைத்துச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

என் ஓட்டு டொயோட்டாவுக்கு. பழைய சாமான் ஒருநாளும் ஒரே மாதிரி வந்து சேராது. சுவிட்சுகள் கூடக்கூடப் பழுதாகும் இடங்களும் கூடும் என்பதை மறுக்கவில்லை.

இருவருக்கும் உண்மையான போட்டி புது பேட்டரிதான். எரிசக்தி ஆய்வு நிறுவனமான புளூம்பெர்க்என்இஎஃப் கணக்கில் 2024-ல் புது பேட்டரி பேக்கின் சராசரி விலை கிலோவாட் மணிக்கு 115 டாலர். 2010-ல் அது ஆயிரத்துக்கும் மேல். பழையதைச் சும்மா கொடுத்தாலும் ஏற்றி வரும் கூலியும் சோதிக்கும் கூலியும் உண்டே. நிசானும் சுமிட்டோமோவும் சேர்ந்து நடத்தும் ஃபோர்ஆர் எனர்ஜி, ஒரு லீஃப் கார் பேட்டரியின் 48 மாட்யூல்களையும் (செல் தொகுப்புகளையும்) அளக்க முதலில் 16 நாள் எடுத்துக்கொண்டது. 2018-ல் ஃபுகுஷிமாவின் நமியேயில் ஆலை திறந்தபோது அதை 4 மணி நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். புதுசு மலிவாகிற வேகத்துக்கு அந்த 4 மணி நேரமும் கூடுதல்தான்.