கேரவன் வேனும் பொதிகை மலைப்பாதையும்: சில வருஷ அனுபவம்

டெம்போ டிராவலரைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறோம் என்று சொன்னதும் ஊரில் எல்லாரும் முதலில் கேட்பது, "மாஞ்சோலைக்கு இதுல போயிருக்கியளா அண்ணாச்சி?" என்பதுதான். மாஞ்சோலைக்குப் போயிருக்கிறேன், அரசுப் பேருந்தில். கேரவன் மலையடிவாரத்தில், கல்லிடைக்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்றது. நம் பக்கத்து மலைகளில் பெரிய வண்டி வைத்திருப்பவர் முதலில் முடிவு செய்யவேண்டியது எந்த இடத்தோடு வண்டியை நிறுத்துவது என்பதைத்தான். வளைவில் எப்படித் திருப்புவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாக. நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 4 மீட்டர். கூரை மேல் ஏசி உட்கார்ந்திருப்பதால் உயரம் ஏறக்குறைய 3 மீட்டர். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, நாங்கள் எல்லாரும் சேர்ந்தால் எடை 4 டன்னை நெருங்கும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் அடங்குவதால் கார் ஓட்டும் லைசென்ஸே போதும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. கையில் இருப்பது கார் லைசென்ஸ், ஓட்டுவதோ மினி பஸ் அளவு வண்டி. சமதளத்தில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. திருநெல்வேலியிலிருந்து அம்பை, கடையம், தென்காசி என்று போகும் வரை அருமையான வண்டி. அம்மாவுக்கு முழங்கால் வலி, காரில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. இதில் படுத்துக்கொண்டே வருவார். குற்றாலத்தில் சாரல் சீசன் நேரத்தில் ரூம் தேடி அலையும் வேலையும் இல்லை.

வித்தியாசம் தெரிவது முதல் கொண்டை ஊசி வளைவில். காரில் முன் சக்கரம் போன வழியிலேயே ஏறக்குறைய பின் சக்கரமும் வந்துவிடும். இதில் வராது. முன் சக்கரம் 8 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் பின் சக்கரம் ஒரு மீட்டருக்கு மேல் உள்ளே வெட்டிக்கொண்டு போகும். அந்த ஒரு மீட்டரில்தான் பாறையும் ஓடைக்கல்லும் கைப்பிடிச் சுவரும் இருக்கின்றன. பின் சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உடம்போ எதிர்த்திசையில் வெளியே வீசும். மூக்கைப் பார்த்து ஓட்டினால் இடுப்பும் வாலும் எங்கேயாவது உரசிவிடும். முன் சக்கரம் வளைவின் நடுவைத் தாண்டும் வரை ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராக விட்டு, அதன்பிறகு ஒரே மூச்சாக ஒடிக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது எதிர்ப்பக்கத்துச் சாலையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறோம். அதனால்தான் வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, எதிர்ச்சத்தம் வருகிறதா என்று கேட்ட பிறகே நுழைய வேண்டும். பாட்டுச் சத்தமும் மூடிய ஜன்னலும் மலையில் கூடாது என்பதில் நான் பிடிவாதம்.

பின்பக்கக் கேமரா நல்லதுதான். ஆனால் அது காட்டுவது நேர் பின்னால் இருப்பதை மட்டும். வளைவில் ரிவர்ஸ் எடுக்கும்போது பள்ளப் பக்கத்து டயர் மண்ணில் இருக்கிறதா தாரில் இருக்கிறதா என்று கேமராவுக்குத் தெரியாது. ஆள் இறங்கித்தான் பார்க்க வேண்டும். என் மச்சினன் அதில் கைதேர்ந்தவன். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் தன் முகம் தெரிகிற இடத்தில்தான் நிற்பான். "வரட்டும், வரட்டும்" என்று வண்டியின் உடம்பில் தட்டிக்கொண்டே வந்து, "ஹோல்டான்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு சாண் போகலாமே என்று ஓட்டுபவர் தானாக முடிவு எடுக்கக் கூடாது. வண்டிக்குப் பின்னால், ஓட்டுபவர், வழிகாட்டுபவர் இருவர் கண்ணிலும் படாத இடத்தில் யாரும் நிற்கவே கூடாது. குடும்பத்தோடு போகிறவர்கள் வீட்டு வாசலிலேயே இதைப் பழகிவிட்டுப் போவது நல்லது. மலையில் ஆளுக்கொரு பக்கம் கத்தினால் ஓட்டுபவருக்கு எதுவும் காதில் ஏறாது.

ஏற்றத்தைக் கண்டுதான் பலர் பயப்படுகிறார்கள். எனக்கு இறக்கம்தான் கவலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 டன் வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வந்தால், அந்தச் சக்தி முழுக்க எங்காவது சூடாக மாறியாக வேண்டும். பச்சைத் தண்ணீர் 100 லிட்டருக்கு மேல் கொதிக்கவைக்கிற அளவு சூடு அது. எஞ்சின் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளவில்லை என்றால் எல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. டாட் 4 என்ற தர வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை தாங்கவேண்டும் என்பது தரக்கணக்கு. ஈரம் ஏறியபின் அது 155 டிகிரி. டாட் 3 என்றால் 205 டிகிரியும் 140 டிகிரியும். அதற்கு மேல் சூடானால் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் வரும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. மிதி தரையோடு போகும், வண்டி நிற்காது. அதனால் கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுகிறேன். ஒரு பட்டறையில், "ஓடவே இல்லையே சார், எதுக்கு?" என்று மாற்றாமலே அனுப்பப் பார்த்தார்கள். நின்ற இடத்திலும் ஆயில் ஈரம் இழுக்கும் என்று சொல்லி, பக்கத்திலேயே நின்று மாற்றவைத்தேன்.

இறக்கம் பற்றி எனக்குக் கிடைத்த நல்ல பாடம், பாபநாசம் டீக்கடையில் ஒரு அரசுப் பேருந்து ஓட்டுநர் சொன்னது. "ஏறும்போது எந்தக் கியர்ல ஏறுனியளோ, அதே கியர்ல எறங்குங்க அண்ணாச்சி. பிரேக்க கடைசிக்கு வச்சுக்கிடுங்க." பழைய வண்டிகளுக்கு அது அப்படியே பொருந்தும். இப்போதைய டர்போ டீசல் எஞ்சின் மூன்றாவது கியரிலேயே ஏறிவிடும், ஆனால் இறக்கத்தில் மூன்றாவது கியர் பிடித்து நிறுத்தாது. டீசல் எஞ்சின் பெட்ரோலைப் போல இழுத்துப் பிடிக்கவும் செய்யாது. ஆகவே ஏறிய கியருக்கு ஒன்று குறைவாக, பெரும்பாலும் இரண்டாவதில் இறங்குகிறேன். அந்தக் கியரை இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். வேகம் பிடித்தபிறகு போட முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. பிரேக்கை லேசாகத் தடவிக்கொண்டே வராமல், வேகம் ஏறியதும் அழுத்தமாக ஒருமுறை மிதித்து இறக்கிவிட்டு, காலை முழுசாக எடுத்துவிட வேண்டும். பிரேக் டிரம்முக்கு அந்த இடைவெளியில்தான் காற்று கிடைக்கும்.

டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய டீசல் வண்டிகளில் வரும் காமன் ரெயில் எஞ்சினில் கியரில் இருந்துகொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வது நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்கென்று டீசல் செலவாகும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம். நம் மிதிக்குப் பலம் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுப்பது எஞ்சின்தான். இரண்டு மூன்று மிதியில் அது தீர்ந்ததும் மிதி கல்லாகிவிடும், பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். தீய்ந்த வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றுவதைப் பல இடத்தில் பார்த்திருக்கிறேன். இரும்பு விரிசல் விடும், அதைச் செய்யாதீர்கள்.

கேரவனோடு தைரியமாகப் போகக்கூடிய மலைப்பாதை நமக்குச் செங்கோட்டை வழிதான். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறி, கோட்டவாசல், ஆரியங்காவு, அப்புறம் கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம் வரை. தேசிய நெடுஞ்சாலை 744. லாரி போகிற சாலை என்பதால் நம் வண்டிக்கும் இடம் இருக்கும். தொல்லை அந்த லாரிகளேதான். கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். முந்தப் பார்க்காமல் பின்னாலேயே போய்விடுங்கள். ஏற்றத்தில் நின்று கிளம்பினால் கனத்த லாரி கொஞ்சம் பின்னால் உருண்டு வரும், அதனால் ஒரு வண்டி நீளத்துக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் இரவெல்லாம் ஓடும். தூக்கம் கெட்ட ஓட்டுநர்கள் நிறைய. அந்த மாதங்களில் பகலில் மட்டுமே போகிறேன்.

பாபநாசத்திலிருந்து மலைக்குள் காரையாறு அணைக்குப் போகும் பாதை வேறு மாதிரி. பாபநாசத்தில் வனத்துறை செக்போஸ்ட். அதைத் தாண்டினால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988 இல் இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து உருவாக்கியது. உள்ளே என்ன வண்டி, எத்தனை மணி வரை என்பதெல்லாம் வனத்துறை சொல்வதுதான். அதில் பேரம் பேசுவது சரியில்லை. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்துக்குத் தனி வண்டிகளைக் கீழேயே நிறுத்தவைத்து அரசுப் பேருந்தில் அனுப்புகிறபோது பலர் முணுமுணுப்பார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. அந்தச் சாலையை நம்பி மயிலாறு, சேர்வலாறு பக்கம் காணிக்காரர் பழங்குடி மக்கள் குடியிருக்கிறார்கள். ஒரு பெரிய வேன் வளைவில் குறுக்கே மாட்டிக்கொண்டால் நமக்கு ஒரு மணி நேரத் தாமதம், அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரே வழி அடைப்பு. மாஞ்சோலையிலும் தேயிலைத் தோட்டம் ஓடிய காலம் முழுக்க அதே நிலைதான். திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்கு ஜீப்தான் ஏறும், கேரவனை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம்.

ஒதுங்குவதற்கு ஒரு விதி இருக்கிறது. இரண்டு வண்டி போக அகலமில்லாத மலைச்சாலையில், இறங்குகிற வண்டி நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். சட்டத்திலேயே உள்ளது. ஆனால் எதிரே வருவது நிறைந்த கூட்டத்தோடு பேருந்து என்றால், ஏறுகிறவனாக இருந்தாலும் அகலமான இடம் எனக்குப் பக்கத்தில் இருந்தால் நானே பின்னால் போய்விடுவேன். வரும் வழியிலேயே அப்படிப்பட்ட இடங்களை மனதில் குறித்துக்கொண்டே வருவது பழக்கமாகிவிட்டது. மழை பெய்திருந்தால் ஒரு எச்சரிக்கை. ஒதுங்கும்போது பள்ளப் பக்கத்து மண் ஓரத்தில் சக்கரத்தை இறக்கக் கூடாது. மேலே புல்லோடு கெட்டியாகத் தெரியும், அடியில் ஊறிப்போய் இருக்கும். கார் தாங்கும் இடத்தில் 4 டன் தாங்காது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கு, ஊத்து பக்கம் தமிழ்நாட்டிலேயே அதிகமாகப் பெய்யும் இடங்களில் சேர்ந்தவை. அப்போது மேற்கே மேகம் இறங்கியிருந்தால் அடிவாரத்தோடு சரி.

கிளம்பும் முன் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்துவிடுகிறேன். 100 லிட்டர் என்றால் 100 கிலோ. பாதி நிரம்பிய தொட்டி இன்னும் மோசம், வளைவுக்கு வளைவு தண்ணீர் ஒரு பக்கமாக அடித்து வண்டியைச் சாய்க்கும். கேஸ் சிலிண்டரை வால்வு மூடிக் கட்டிவைக்கவும். ஜன்னலும் கதவும் பூட்டியே இருக்கட்டும். முண்டந்துறைக் குரங்குகள் உள்ளே வந்தால் வாழைப்பழத்தோடு போகாது.

புதிதாக வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்டால், நீளத்தைக் குறைத்து வாங்குங்கள் என்பேன். நின்று நடக்க உயரம் வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள், அது சரி. ஆனால் கூடுதல் கட்டிலுக்காக ஒரு மீட்டர் நீட்டினால் அது ஒவ்வொரு வளைவிலும் கேட்கும். கூரை ஏசிக்குப் பதில் உள்ளே பொருத்தும் வகை கிடைத்தால் நல்லது, கடையம் சாலை புளியமரக் கிளைகளுக்குத் தலை குனிய வேண்டியதில்லை. மிச்சமாகும் பணத்தில் இரண்டு மரக்கட்டை, நல்ல டயர், பக்கக் கண்ணாடியில் ஒட்டும் குவிகண்ணாடி வாங்கிக்கொள்ளுங்கள். கேரவனை அம்பையிலோ விக்கிரமசிங்கபுரத்திலோ தெரிந்த இடத்தில் விட்டுவிட்டு, காலையில் காரையாறு பஸ் ஏறினால் ஓட்டுகிற கவலை இல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். அம்மாவும் அதைத்தான் விரும்புகிறார்.