டி-ஷர்ட் துணிக்கு எந்த ஃபியூசிங்: பேப்பர் வகையா, நிட் வகையா?

சிங்கப்பூர் அரபு ஸ்திரீட்டில் நிட் (இழுபடும் பின்னல்) துணி வாங்கியாயிற்று. அப்புறம், துணி வடிவம் குலையாமல் நிற்க உட்புறத்தில் இஸ்திரியால் ஒட்டும் உள்துணியான ஃபியூசிங்கில்தான் பலருக்குக் குழப்பம்.

விலை:
பேப்பர் போலிருக்கும் நெய்யாத வகை மலிவு.
நிட் வகைக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

இழுவை:
பேப்பர் வகை பெரும்பாலும் இழுபடாது; ஒட்டிய இடம் அட்டைபோல நின்றுவிடும். மகளுக்குத் தைத்த முதல் டி-ஷர்ட்டின் கழுத்தைச் சுற்றி அதைத்தான் ஒட்டினேன். தலையே நுழையவில்லை!
நிட் வகை துணியோடு சேர்ந்து இழுபடும். ஆனால் பல ரகங்கள் ஒரு பக்கமாக மட்டுமே இழுபடும். வெட்டுமுன் கையால் இழுத்துப் பார்த்து, அந்தப் பக்கத்தைத் துணியின் இழுவைப் பக்கத்தோடு பொருத்துங்கள்.

துவைத்தல்:
பேப்பர் வகை நாளடைவில் சுருங்கிக் குமிழ் விடலாம்.
நிட் வகை துணியோடு அசைவதால் அவ்வளவாகப் பிரியாது. எதுவானாலும் பருத்தி நிட்டை முதலில் ஒருமுறை துவைத்துவிடுங்கள். சுருங்குகிற துணி அது.

ஒட்டும் முறை:
இரண்டுக்கும் ஒன்றுதான். இஸ்திரியை இழுத்துத் தேய்க்காமல், வைத்து 10 முதல் 15 விநாடி அழுத்தி எடுங்கள். தேய்த்தால் நிட் நீண்டு கோணிவிடும். ஆறும்வரை துணியைத் தொட வேண்டாம்.

சரி, எதை வாங்குவது? கழுத்துப்பட்டி, கீழ் மடிப்பு என்றால் நிட் வகை. போலோ சட்டையின் பட்டன் பட்டிக்கு மெல்லிய பேப்பர் வகையே போதும். தோள் தையல் தொங்காமலிருக்க அதிலேயே 1 செ.மீ. அகலத் துண்டு ஒட்டலாம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், நான் நிட் வகையைத்தான் எடுப்பேன்.