சென்சர் மோட்டார் என்று சொல்லிச் சென்சர் இல்லாததைத் தலையில் கட்டுகிறார்கள்

கண்டியில் ஒரு கடையில், ரிமோட்டில் ஓடும் என் 1:16 அளவு டைகர் பொம்மை டாங்கிக்குச் சென்சர் உள்ள பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார்கள் இரண்டு கேட்டேன். ஹட்டனில் எங்கள் பக்கம் சமதரையே கிடையாது, ஏற்றத்தில் நின்று மெதுவாகப் புறப்பட வேண்டும் என்றும் விளக்கினேன். "தம்பி, இது மலையே ஏறும்" என்றார் கடை முதலாளி. பெட்டியிலும் 'சென்சர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பொருத்துவதையும் அவர்களே செய்து கொடுத்தார்கள்.

தேயிலை மலைப் பாதையில் விட்டதும் டாங்கி நடுங்கியது. ஒரு பக்கச் சங்கிலி சுழல, மறுபக்கம் வெட்டி வெட்டி இழுக்க, வண்டி திரும்பிக் கானுக்குள் இறங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் மோட்டாரில் மூன்று தடித்த கம்பிகள் மட்டுமே. சென்சர் கேபிள் செருக இடமே இல்லை!

பிரஷ் மோட்டாரில் கார்பன் பிரஷ்கள் உரசியபடியே மின்னோட்டத்தை மாற்றிவிடுகின்றன. அவை தேயும், ஆனாலும் நின்ற நிலையிலிருந்து இழுத்துக்கொண்டு புறப்படும். பிரஷ்லெஸ்ஸில் அந்த வேலை வேகக் கட்டுப்பாட்டுக் கருவியுடையது. உள்ளிருக்கும் காந்தம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்வதுதான் சென்சர். அது இல்லையென்றால், சுழலும்போது எழும் எதிர் மின்னழுத்தத்தை வைத்துத்தான் அது கணிக்கும். நிற்கும் மோட்டாரில் அந்த மின்னழுத்தம் பூச்சியம். வேகமாக ஓடும் காருக்கும் பறக்கும் விமானத்துக்கும் இது பெரிய குறையல்ல. இரண்டு மோட்டார்களின் வேக வித்தியாசத்தாலேயே திரும்புகிற டாங்கிக்கு, அதுவும் ஏற்றத்தில், ஒத்தே வராது.

திருப்பிக் கொண்டுபோனேன். "கம்பி வெட்டிய சாமானை எடுக்க மாட்டோம்" என்றார்கள். வெட்டியதே அவர்களுடைய ஆள்தான். கழற்றிய என் பழைய 380 அளவு பிரஷ் மோட்டார்களையாவது தாருங்கள் என்றால், எறிந்துவிட்டார்களாம். நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை அவை. எனக்கு இதுதான் ஆறவில்லை.

வாங்கப் போகிறவர்கள் பெட்டியைப் பார்க்காமல் மோட்டாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு மெல்லிய கம்பிகள் கொண்ட சென்சர் கேபிளுக்கான சிறு செருகுமிடம் மோட்டாரிலும் கட்டுப்பாட்டுக் கருவியிலும் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டில் 'சென்சர் உள்ளது' என்று எழுதி வாங்குங்கள். எனக்குத் தந்ததில் வெறும் 'மோட்டார் 2'. கழற்றிய மோட்டார்களை அங்கேயே கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு முதல் டாங்கி வாங்குகிறவர்கள், அதனுடன் வரும் பிரஷ் மோட்டாரை மாற்றவே வேண்டாம். நம் ஏற்றங்களுக்கு அது போதும்.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியையும் மோட்டாரையும் அப்படியே வைத்திருக்கிறேன். அதே கடையில் ஏமாந்தவர்கள் இருந்தால் நீங்களும் அழையுங்கள்.